சாந்தாமணிக்கு ஒரு படகு

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடித் தொட்டியைக் கழுவிவிட்டு இறங்கி வந்தால் சாப்பாட்டு மேசையில் இட்லி இல்லை, லேப்டாப் இருந்தது. சாந்தாமணி கண்ணாடி போட்டுக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி ஐ.சி.யூவில் நர்ஸாக இருந்தாயிற்று. வரும் ஜனவரியோடு வேலையை விடுகிறாள்.

"ஏனுங்க, ஃபேர்வெல்லுக்கு எல்லாரும் சேந்து குத்துவிளக்கு குடுப்பாங்க. அது வரட்டும். நீங்க எனக்கு ஒரு படகு பாத்துக் குடுங்க."

படகு வாங்குவதற்கில்லை. நடுக்கடலில் நாலைந்து நாள் தங்கி, ஒரு நாளைக்கு மூன்று முறை ஸ்கூபா டைவிங் செய்து, அதிலேயே சாப்பிட்டு அதிலேயே தூங்குவதற்கென்று படகுகள் இருக்கின்றன. லிவ்அபோர்ட் என்கிறார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிப்ரவரியில் போக வேண்டும். இருவருமாக.

மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், டைவிங் பள்ளி ஒன்றின் பலகையைப் பார்த்து இவள்தான் உள்ளே நுழைந்தாள். அறுபது அடிக் கிணற்றில் மேலிருந்து குதித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான் வெளியே நிற்க முடியுமா? இருவரும் பயிற்சி முடித்து அட்டை வாங்கினோம். ஏன் இது இவ்வளவு பிடித்துப்போயிற்று என்று ஒருமுறை கேட்டேன். "அங்க ஒரு மானிட்டரும் கத்தாதுங்க" என்றாள்.

மூன்று படகுகளைப் பிடித்து வைத்திருக்கிறாள். மாலத்தீவில் ஒன்று, தாய்லாந்தில் ஒன்று, இந்தோனேசியாவில் ஒன்று. அலசிப் பார்த்துச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறவனுக்குப் பொருத்தமான வேலைதான்.

செப்டம்பர் 17, புதன்

ஆலையில் மதியம் கொஞ்சம் ஓய்வு. அட்டவணை போட்டேன். பருவம், நீரோட்டம், அறை, சாப்பாடு, பாதுகாப்பு என்று ஐந்து தலைப்பு.

சாந்தாவின் மனசு மாலத்தீவில் இருக்கிறது. வீட்டுக் கூடம் அகலத்துக்குச் சிறகு விரிக்கும் திருக்கை மீன்கள் அங்கே கூட்டமாக வருமாம். ஆனால் நீரோட்டம் பலமானது. குறைந்தது முப்பது டைவ் முடித்தவர்களைத்தான் ஏற்றுவார்கள். சாந்தா முப்பத்தொன்று முடித்திருக்கிறாள். நான் பதினேழு. விதி என்றால் விதிதான், என்ன செய்வது.

செப்டம்பர் 18, வியாழன்

சாந்தாவிடம் சொன்னேன். "அதுக்கென்னுங்க, பிப்ரவரிக்குள்ள புதுச்சேரி நாலு நட போய்ட்டு வந்தா பதிமூணு ஆயிருது" என்றாள்.

நாலு முறை புதுச்சேரி போவதென்றால் லீவு கிடைக்க வேண்டும். கடைசி மூன்று முறையும் அவள் மட்டும்தான் போனாள். எனக்கு ஆடிட், இருமல், மறுபடி ஆடிட்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இந்தோனேசியப் படகு. போய்ச் சேரவே மூன்று விமானம். கழித்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எதிர்பாராதது. தாய்லாந்தே போதும் என்று சாந்தா சொல்லிவிட்டாள்.

"மாலத்தீவுக்காக உங்கள நாலு நட ஓட வெக்க வேண்டாம். இவங்க அட்டை இருந்தாப் போதும்ங்கறாங்க. தண்ணியும் வெதுவெதுன்னு இருக்குமாம். இதையே போட்டுருங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. தாய்லாந்துப் படகின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கீழ்த்தளத்து அறைகளுக்குப் பக்கத்திலேயே இன்ஜின். சத்தத்தில் தூங்க முடியாது என்றேன். மேல்தளத்து அறை கேட்கலாம் என்றாள். மேல்தளம் அதிகம் ஆடும் என்றேன். அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

உபகரணங்களையும் யோசிக்க வேண்டும். அந்தமானில் என் பதினேழாவது டைவில் சிலிண்டர் வாயில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் கசிந்து காற்றெல்லாம் வீணாயிற்று. இவர்கள் எப்படிப் பராமரிக்கிறார்களோ.

அக்டோபர் 5, ஞாயிறு

படகுக்காரர்கள் மருத்துவப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். சாந்தா ஆஸ்பத்திரிக் குரலில் கேள்விகளை வாசித்தாள்.

"ஆஸ்துமா?"

"இல்ல."

"நெஞ்சு வலி?"

"இல்ல."

"காதுல ஆபரேஷன்?"

"இல்ல."

"தண்ணிக்குள்ளயோ, மூடின எடத்துலயோ கடுமையான பதற்றம் வந்திருக்குதா?"

"இல்ல. காப்பி இருக்குதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்தும் வேண்டும். சாந்தா தன்னுடையதை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்வாள். என்னுடையதை நான் வாங்குகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, புதன்

போர்வெல் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர். மாற்றினேன். டாக்டரிடம் போக நேரமில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

படிவம் வரவில்லை என்று படகிலிருந்து மின்னஞ்சல். நாளை போக வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

லாக் புக்கின் பக்கங்களையும் படகுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு டைவிலும் எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், சிலிண்டரில் எத்தனை பார் அழுத்தக் காற்றோடு இறங்கி எத்தனையோடு ஏறினோம் என்று எழுதி வைக்கும் புத்தகம் அது. சாந்தா கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் பதினேழாவது பக்கத்தில் கை நின்றது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் சார்ட்டை அப்படித்தான் பார்ப்பாள். விரலை வைத்து, வரி வரியாக.

"எல்லா வாட்டியும் நாப்பது நிமிஷம் கழிச்சுத் தொண்ணூறு, நூறு மிச்சம் வெச்சு ஏறியிருக்கீங்க. இதுல மட்டும் இருவத்தோரு நிமிஷம். எரநூறுல எறங்கி இருவதுல ஏறியிருக்கீங்க."

"அதான் எழுதியிருக்கனே. ஓ-ரிங் கசிவு."

"கசிஞ்சா குமிழி வருங்க. மேல வர்றப்ப நான் உங்களுக்குக் கீழதான வந்தேன். சிலிண்டரப் பாத்துட்டே வந்தேன். ஒரு குமிழி வரல."

லாக் புக்குக்குக் கை நீட்டினேன். அவள் விரலை எடுக்கவில்லை.

"இது கசிவு இல்லீங்க. இது மூச்சு. ஐ.சி.யூவுக்குள்ள பயந்து போய் வர்றவங்க இப்படித்தான் இழுப்பாங்க."

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. சொன்னேன். முழுதாக இல்லை, பாதிதான். கொஞ்சம் பயமாகிவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் திரும்பிப் பாத்துக் கேட்டனே. விரலை வளைச்சு, நல்லா இருக்கீங்களான்னு. நீங்களும் வளைச்சுக் காட்டுனீங்களே."

"ஆமா."

"நீங்க காட்டுனத நம்பித்தான நான் அந்தப் பக்கம் ஆமையப் பாக்கப் போனேன்."

"ஆமா."

"அந்த நேரத்துல எனக்கு ஏதாச்சும் ஆயி, காத்து வராம உங்ககிட்டக் கை நீட்டியிருந்தா, வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தெரியாது என்றேன்.

டைவிங்கில் யாரும் தனியாக இறங்குவதில்லை. ஜோடியாகத்தான் இறங்குவார்கள். ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவர் காற்று. அவளுக்கு ஜோடி நான்.

லாக் புக்கை மூடி வைத்தாள். "முப்பத்திரண்டு வருஷத்துல பொய் சொல்ற நோயாளி எத்தனயோ பேரப் பாத்திருக்கேன். ஒருத்தரையும் விட்டதில்ல. வீட்டுல விட்டுட்டேன்" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

சாப்பாடு மேசைமேல் இருந்தது. கத்தரிக்காய். பேச்சு இல்லை.

அக்டோபர் 15, புதன்

"கேஸ் வந்துச்சு. வாங்கி வெச்சிருக்கேன்." இன்று பேசியது இவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. எதையும் தூக்கிப் போடவில்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினாள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

இந்த டைரி கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுப்பது. இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறேன். அந்தமான் போய்வந்த வாரத்தைப் போன வருடத்து டைரியில் தேடி எடுத்துப் பார்த்தேன். 'ஓ-ரிங் கசிவு' என்று எழுதியிருக்கிறது. வேறு யாரும் படிக்காத புத்தகத்திலும் அதையே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது எழுதுகிறேன்.

பதினாலு மீட்டர். தெளிந்த தண்ணீர். சாந்தா எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில். மாஸ்க்கின் ஓரத்தில் ஒரு சொட்டு உள்ளே வந்தது. தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் வெளியே போய்விடும். நூறு முறை செய்திருக்கிறேன். அன்று ஊதும்போது இன்னும் கொஞ்சம் வந்தது. மூக்குக்குள் உப்புத் தண்ணீர் ஏறியது. அந்த நொடியில் என் தலைக்கு மேல் பதினாலு மீட்டர் தண்ணீர் இருப்பது தெரிந்தது. அதுவரை தெரியாததல்ல. அழுத்தம் பார்ப்பதுதான் என் தொழில். எத்தனை பார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அன்றுதான் அதை உடம்பில் உணர்ந்தேன்.

காற்று வந்துகொண்டுதான் இருந்தது. எனக்குப் போதவில்லை. இழுத்தேன், இழுத்தேன், நெஞ்சு நிறையவில்லை. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டேன். அதன்மேல் மஞ்சளாகப் பஞ்சு போன்ற ஒரு ஜீவன் ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வாயிலிருக்கும் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாய வேண்டும்போல் இருந்தது. அப்படிப் பாய்ந்தால் நுரையீரல் கிழியும் என்று படித்திருக்கிறேன். படித்தது கையை நிறுத்தியது. அப்போதுதான் சாந்தா திரும்பினாள். விரலை வளைத்துக் கேட்டாள். நானும் விரலை வளைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த ஆறு நாளாக யோசிக்கிறேன். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. கிணற்றில் குதித்தவன் பயப்படுகிறான் என்று அவள் பார்க்கக்கூடாது. அவ்வளவுதான்.

பிறகு எங்களோடு இறங்கிய வழிகாட்டிப் பையன் என் மீட்டரைப் பார்த்துவிட்டு இருவரையும் மேலே கூட்டிக்கொண்டு வந்தான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பெங்களூரிலிருந்து நிரஞ்சனா நேற்றே வந்துவிட்டாள். மகள் முன்னால் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டோம். அவள் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டு, "என்ன சண்ட?" என்றாள். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, படகு பாக்கறதுல கொஞ்சம் கருத்து வேறுபாடு" என்றேன்.

காலையில் மணையில் உட்கார வைத்து சாந்தாதான் எனக்கு எண்ணெய் தேய்த்தாள். வருடா வருடம் அவள்தான். இந்த முறை மண்டை ஓடு கழன்றுவிடும்போல் இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்ல."

"இதுவும் பொய்யா?"

கை நின்றது. எனக்குக் கண்ணெல்லாம் எண்ணெய்.

"வலிக்குது சாந்தா. ரொம்ப வலிக்குது."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். பிறகு மெதுவாகத் தேய்த்தாள்.

நேற்று முன்தினம் எழுதியதைக் குளித்துவிட்டு வந்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கல்யாணமாகி முதல்முறையாக என் டைரியை அவள் படிக்கிறாள். நின்றபடியே படித்தாள். "கொழாயப் புடுங்கோணும்னு தோணுச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். டைரியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, சற்று நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

புதுப் படிவம் எடுத்து, அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்து, டாக்டர் லோகாம்பாளிடம் போனேன். எங்கள் குடும்பத்துக்கு இருபது வருடமாக வைத்தியம் பார்ப்பவர். முழுவதும் கேட்டார்.

"டேங்க் போட்டு எறங்கறதுக்கு இப்போதைக்கு எழுதித் தர மாட்டேன், சென்னியப்பன். மாஸ்க் போட்டுட்டு மேலாப்பல மெதக்கலாம். அதுக்கு ஒடம்புல ஒரு கொறையுமில்ல."

"சரிங்க டாக்டர்."

"என்ன, பொசுக்குனு சரிங்கறீங்க? சண்டைக்கு வருவீங்கன்னு நெனச்சேன்."

வெளியே வந்து பைக்கை எடுத்தபோது உடம்பே லேசாக இருந்தது. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. வரும் வழியில் கால் கிலோ மைசூர்பா வாங்கினேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

அட்டவணையைப் புதிதாகப் போட்டேன். இந்த முறை ஒருவருக்கு. பலமான நீரோட்டமும் திருக்கைக் கூட்டமும் வேண்டும் என்று அவள் முதலில் ஆசைப்பட்டது மாலத்தீவுதான். அவளுக்கு முப்பத்தொன்று இருக்கிறது. தடுக்கிற விதி ஒன்றுமில்லை. அச்சடித்து அவள் முன்னால் வைத்தேன்.

"நீ மாலத்தீவு போயிட்டு வா. நான் வீட்டுல இருக்கறேன். உண்மையாத்தான் சொல்றேன்."

பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். நைட் டியூட்டிக்குச் சீருடையை இஸ்திரி போடப் போனாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

முடிவு சொல்லிவிட்டாள். கத்தரிக்கோலால் கறிவேப்பிலைக் கிளையை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாலத்தீவு எங்கயும் ஓடிப் போகாதுங்க. வேலைய விட்டுட்டு மொதல்மொதல்ல போற பயணத்துல நீங்க கூட இருக்கோணும். தாய்லாந்துப் படகுல மேல மெதக்கறவங்களயும் ஏத்திக்கறாங்க. கேட்டுட்டேன். நீங்க மேல இருங்க, நான் கீழ போறேன்."

"சரி."

"ஆனா ஒண்ணு. கீழ எனக்கு ஜோடி வேற ஆளாத்தான் இருக்கும். அவங்களே யாரயாவது சேத்து விடுவாங்க. நீங்க வெசனப்படக் கூடாது."

"இல்ல" என்று வாய் வரை வந்தது. "கொஞ்சம் வெசனமாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும்" என்றேன்.

கிளையை என் கையில் கொடுத்து, "ஆய்ங்க" என்றாள்.

நவம்பர் 22, சனி

படகுக்காரர்களுக்குக் கேள்விகள் அனுப்பியிருந்தேன். ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர்? உயிர்காப்பு மிதவை எத்தனை பேரைத் தாங்கும்? தீ பிடித்தால் அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே? புகை அலாரம் எல்லா அறையிலும் உண்டா? மொத்தம் பத்தொன்பது கேள்விகள். நோக் என்ற தலைமை வழிகாட்டி, ஒரு பெண், ஒவ்வொன்றுக்கும் புகைப்படத்தோடு பதில் எழுதியிருக்கிறாள். கடைசியில், 'உங்கள் மனைவி அதிர்ஷ்டசாலி, அல்லது பொறுமைசாலி' என்று ஒரு வரி.

சாந்தாவிடம் காட்டினேன். "ரெண்டாவதுதான்னு எழுதுங்க" என்றாள்.

மேல்தளம், ஜன்னல் வைத்த அறை, பிப்ரவரி பத்து. உறுதி செய்தாயிற்று.

ஜனவரி 31, சனி

சாந்தாவுக்குக் கடைசி நாள். மாலையில் அழைத்துவரப் போனேன். குத்துவிளக்குதான். அதோடு ஒரு ஆளுயர மாலையும். வார்டு ஆயாக்கள் இரண்டு பேர் அவளைக் கட்டிக்கொண்டு விடவில்லை. காரில் ஏறியதும் பின் சீட்டில் விளக்கைப் படுக்க வைத்து சீட் பெல்ட் போட்டாள். சிங்காநல்லூர் தாண்டும்வரை விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "நாளைக்கு என்ன டிபன்?" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பொங்கல் நான் செய்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 11, புதன். படகில்

படகு ஆடுகிறது, எழுத்துக் கோணலாக வருகிறது.

நேற்று மாலை துறையிலிருந்து கிளம்பினோம். காலையில் ஜன்னலைத் திறந்தால் சிமிலன் தீவுகள். யாரோ உருட்டி விட்ட மாதிரி உருண்டைப் பாறைகள், அடியில் பச்சைத் தண்ணீர். பயணிகள் பதினான்கு பேர். டைவ் செய்யாதவன் நான் ஒருவன்.

சாந்தாவுக்கு ஜோடி கிடைத்துவிட்டது. மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்திருக்கும் தவமலர் என்ற அம்மாள். அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக வந்திருக்கிறார். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு அவரே வந்தார்.

"தமிழா? அட, நல்லதாப் போச்சு லா! தண்ணிக்குள்ள பேச முடியாது, மேல வந்தாவது தமிழ்ல பேசலாம்."

இறங்குவதற்கு முன் சாந்தா அவரைப் பிடித்து உட்கார வைத்து, "அக்கா, உங்களுக்கு உள்ள ஏதாச்சும் ஒரு மாதிரி இருந்தா ஒடனே சொல்லீரோணும். நானும் சொல்லீருவேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு நன்றி.

இருவரும் ஒன்றாகக் குதித்தார்கள். குமிழிகள் மட்டும் மேலே வந்தன. அது நான் இருந்திருக்க வேண்டிய இடம். கொஞ்ச நேரம் அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அன்னாசிப் பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மாஸ்க்கும் குழாயும் போட்டுக்கொண்டு நோக்கோடு கரையோரம் மிதந்தேன். முதுகில் வெயில், முகத்துக்குக் கீழே கிளி நிறத்து மீன்கள் பவளத்தைக் கடிக்கும் சத்தம். கரகரவென்று கேட்கிறது. முறுக்குத் தின்கிற மாதிரி.

ஓரிடத்தில் தரை சட்டென்று சரிந்து கருநீலமாகப் போயிற்று. அதே சமயம் அலையொன்று குழாய்க்குள் தண்ணீரை ஊற்றியது. ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அந்தப் பழைய மூச்சு. உடனே கையை உயர்த்தினேன். நோக் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மிதவை வளையத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ தாய்லாந்துப் பாட்டை முனகிக்கொண்டே பக்கத்தில் மிதந்தாள். சிறுபடகு வந்து ஏற்றிக்கொண்டது.

சாந்தா மேலே வந்ததும் சொன்னேன். "இன்னிக்கு மறுபடி வந்துச்சு. கையத் தூக்கிட்டேன்."

"சரிங்க. தலையத் தொவட்டுங்க, ஈரம்" என்று துண்டை எடுத்துப் போட்டாள்.

மதியம் மறுபடி இறங்கினேன். சரிவின் பக்கம் போகவில்லை. ஒரு மணி நேரம் மிதந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

முதுகு தோலுரிகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சாந்தா ஒரு நாளைக்கு மூன்று டைவ் முடித்துவிட்டு, சாப்பிட்டு, குழந்தை மாதிரி தூங்குகிறாள்.

பிப்ரவரி 14, சனி

இன்று கடைசி நாள். ரிச்செலியூ ராக் என்ற இடம். கடல் நடுவில் பாறை ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. இந்தப் படகில் வந்தவர்கள் எல்லாரும் இதற்காகத்தான் வந்தார்கள்.

காலை டீயின்போது தவமலர் கேட்டார். "தம்பி, அடுத்த மார்ச் நான் மாலத்தீவு போறேன். சாந்தாவ என்னோட அனுப்புறீங்களா?"

"என்னக் கேக்கறீங்களேக்கா, அவளக் கேளுங்க" என்றேன்.

சாந்தா டீயைக் கீழே வைத்தாள். "போகட்டுங்களா?"

"போயிட்டு வா. படகு மட்டும் நான் பாத்துச் சொல்றேன். பத்தொம்பது கேள்வி இருக்குது."

தவமலர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்கு இறங்கினார்கள். இங்கே மிதப்பதற்கு அலை அதிகம் என்று நோக் சொன்னதால் நான் மேலேயே இருந்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம். எனக்குப் பதற்றமில்லை என்று எழுத மாட்டேன். கடிகாரத்தை ஆறு முறை பார்த்தேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். பெரிய மீன் எதுவும் வரவில்லை என்று அவர்களுக்கு வருத்தம். இவர்கள் இருவரும்தான் கடைசி. சாந்தா ஏணியில் ஏறும்போதே எதையோ சொல்ல வந்து முடியாமல் சிரித்தாள். முகத்தில் மாஸ்க் பதிந்த கோடு, மூக்கெல்லாம் சளி. டேங்க்கைக் கழற்றி வாங்கினேன். நனைந்த உடையோடு என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாக்கலயே" என்றாள்.

"நீ சொல்லு."

சொன்னாள். எல்லாரும் பெரிய மீனைத் தேடிப் பாறையின் அந்தப் பக்கம் போய்விட்டார்களாம். இவர்கள் இருவரும் ஒரு இடுக்கின் முன்னால் இருபது நிமிடம் நின்றுவிட்டார்கள். கணவாய் மீன் ஜோடி ஒன்று. பெண் கணவாய் வந்து, பத்து கைகளையும் குவித்துக் கூராக்கி, இடுக்குக்குள் நீட்டி, ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டுப் பின்னால் போகிறது. மறுபடி வருகிறது. மறுபடி ஒன்று. கோலி குண்டு அளவில் வெள்ளை வெள்ளையாக. அவள் இடது கையைக் குவித்து, பலகையின் இடுக்கில் மெல்ல மெல்ல நீட்டிக் காட்டினாள். வலது கையை அதற்கு மேலே விரித்து நிறுத்தினாள்.

"ஆம்பளக் கணவா இப்படி மேலயே நின்னுட்டிருக்குதுங்க. உள்ள எறங்கறதில்ல. வேற ஒண்ணு கிட்ட வந்தா ஒடம்பெல்லாம் வரி வரியா நிறம் மாத்தித் தொரத்துது. தொரத்திட்டு நேரா அதே எடத்துக்கு வந்து நிக்குது. பொம்பளக் கணவா நிமிந்துகூடப் பாக்கல. அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது."

"எத்தன முட்ட?"

"எண்ணலீங்க."

"இருவது நிமிஷம் பாத்துட்டு எண்ணலயா?"

"எண்ணறதுக்கா போனேன்?" என்றாள். ஆனால் சற்று யோசித்து, கண்ணை மூடி, விரலை மடக்க ஆரம்பித்தாள். நீர் சொட்டச் சொட்ட முப்பத்தேழு வரை போனாள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.